கட்டைவிரல் நுழையாத எழுத்து

வலது மணிக்கட்டில், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு வலி மூன்று நாளாகக் குடியிருந்தது. டம்ளரைத் தூக்கினால் வந்தது. தலை வாரினால் வந்தது. சும்மா இருந்தால் மட்டும் வரவில்லை. சும்மா இருக்க அவளுக்கு எங்கே நேரம்?

போர்டில் ஒட்டுவது நேர் எழுத்து என்றால் அரத்தை நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடலாம். அவளுடையது குண்டெழுத்து. விளிம்பு முழுக்க வளைவு. அவள் வரைந்து கொடுக்கும் தாளை வைத்து, ரோட்டு முனையில் உள்ள மெஷின் கடைக்காரன் பிளாஸ்டிக் தகட்டை வெட்டிக் கொடுத்துவிடுவான். வெட்டி வருவது கையைக் கிழிக்கிற கூரோடு வரும். அந்தக் கூரை அரைவட்ட அரத்தால் மழுக்கி, உப்புத்தாளால் இழைத்து, தலையணை மாதிரி உப்பலாக்குவது அவளுடைய வேலை. சுழிகளுக்குள் அரம் போகாது. பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் திருக வேண்டும். ஒரு எழுத்துக்கு முந்நூறு இழுப்பு. ஒருநாள் கோபத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

அந்த எழுத்து பிறந்த கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. ஆறு வருடம் முன்னால் குழந்தைகள் செருப்புக் கடைக்கு ஒரு போர்டு செய்தார்கள். கொண்டுபோன வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் எழுத்துகளின் மூலையெல்லாம் உடைந்துவிட்டது. புருஷன் தலையில் கை வைத்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். இவள் கடை வாசலிலேயே அரத்தை எடுத்து, உடைந்த மூலைகளை உருட்டித் தேய்த்து மாட்டிவிட்டாள். செருப்புக்கடைக்காரருக்கு அது பிடித்துப்போனது. தேய்த்ததில் எழுத்து மெலிந்து தெரிந்ததால் அடுத்த போர்டுக்குத் தடிமனாக வரைந்தாள். அதற்கடுத்ததற்கு இன்னும் தடிமன். இப்போது அவள் போடும் 'ட'வுக்கு மூலையே கிடையாது. 'ம' வயிறு முட்டப் பால் குடித்த பூனை மாதிரி உட்கார்ந்திருக்கும். புள்ளி ஒவ்வொன்றும் கோலிக்குண்டு.

பொம்மைக் கடை, பலூன் கடை, மெத்தைக் கடை, பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம், எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். "ஊசி போட வர்ற பிள்ளை உங்க போர்டப் பாத்துட்டு அழாம உள்ள வருதும்மா. உள்ள வந்தப்புறந்தான் அழுவுது" என்றார் குழந்தை டாக்டர். ஒரு வக்கீலும் ஆசைப்பட்டு மாட்டினார். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். "வர்றவன் பூரா ஐஸ்கிரீம் இருக்கான்னு கேக்கறாம்மா" என்றார். சவப்பெட்டி செய்கிறவர் வந்தபோது புருஷனே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "வேணாங்க. உள்ள படுத்திருக்கவன் எந்திரிச்சு சிரிச்சுருவான்."

தெருவில் அவளுக்கே குண்டெழுத்துக்காரி என்று பெயராகிவிட்டது. ஆள் என்னவோ துடைப்பக்குச்சி மாதிரிதான் இருப்பாள்.

பட்டறை முன்னால், வீடு பின்னால். நடுவில் ஒரு துணித்திரை. திரைக்குப் பின்னால் கட்டிலில் கொழுந்தன் எட்டு நாளாகப் படுத்திருந்தான். புருஷனின் தம்பி. ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர். கல்யாணம் ஆகவில்லை. ரொட்டி ஃபேக்டரியில் வேலை. இடது கையில் தலையணை மாதிரி கட்டு. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. மாவு பிசையும் மெஷின் எடுத்துக்கொண்டது.

"அண்ணி, இதுல எனக்கு ஒரு லாபம் இருக்கு" என்றான் உள்ளேயிருந்து.

"என்னடா?"

"நகம் வெட்டுற வேலையில ரெண்டு மிச்சம்."

"வாயக் கழுவு."

"இன்னும் பல்லே வெளக்கல. அதுக்குள்ள வாயக் கழுவணுமாம்."

ஃபேக்டரியிலிருந்து தினம் ஒரு ரொட்டி வந்துகொண்டிருந்தது. முதலாளி கொடுத்து அனுப்புகிறார். உறை மேல் பழுப்பு நிறத்தில் அவளுடைய எழுத்து, சூடு ஆறாத பன் மாதிரி உப்பிக்கொண்டு. ரேடியோ உறையைப் பல்லால் கிழித்தான். ஒரு கையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் பார்த்தான். ரொட்டி தட்டோடு சேர்ந்து நகர்ந்தது. அவள் பிடுங்கித் தடவிக் கொடுத்தாள்.

"எனக்கு நாளைக்கு ஒரு பொண்ணு வந்தா மோதிரத்த எங்கண்ணி போடுவா?"

"மூக்குல போடுவா. தின்னு."

அவள் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். எழுந்து பட்டறைக்கு வந்துவிட்டாள். அரத்தை எடுத்தாள், வைத்தாள், தரையைப் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள். எட்டு நாளாக அப்படித்தான். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பதினோரு மணிக்கு ஃபேக்டரி சூப்பர்வைசர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தட்டிக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. விபத்து நடந்த அன்று ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். சட்டையில் படிந்த ரத்தத்தோடு ஆஸ்பத்திரியில் மாலை வரை நின்றிருந்தார்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா வர்றாங்க. நீங்க வந்து ரெண்டே வார்த்தை சொல்லணும். மெஷினுக்கு எதிர்ச் செவுத்துல இருக்கற போர்டு நீங்க செஞ்சது. ஆறு மாசத்துக்கு முன்னாடியே மாட்டியாச்சு. அவ்வளவுதான்."

"அது உள்ளதுதானே" என்றான் புருஷன்.

"உள்ளதத்தான் சொல்லச் சொல்றேன். பொய் சொல்லச் சொல்வேனா?"

"சொன்னா இவனுக்கு என்னண்ணே ஆகும்?" என்று கேட்டாள் அவள்.

சூப்பர்வைசர் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பெரிய 'ஐ'யைப் பார்த்தார். "போர்டு இருந்தும் மூடியத் திறந்தான்னு எழுதுவாங்க. கவனக்குறைவு. மறுபடி வேலைக்கு எடுக்கறது கஷ்டம்மா. அது என் கையில இல்ல."

"ரெண்டு வெரலும் போயி, வேலையும் போகணுமா?"

"நான் என்ன செய்வேன் சொல்லுங்க?" அவர் ஹெல்மெட்டைத் திருப்பினார். "புதுக் கிளை ஒண்ணு திறக்கறோம். முப்பது போர்டு. முதலாளி உங்க எழுத்துதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. எனக்கென்னவோ உங்களுக்கு நல்லது நடக்கணும்னு தோணுது. வந்துருங்க."

திரைக்குப் பின்னால் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போன பிறகும் பேசவில்லை. 

புருஷன் ஏணியின் கால்களுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் எதிரே போய் நின்றாள்.

"ஏங்க."

"உள்ளதச் சொல்லிட்டு வா. போர்டு செஞ்சே, குடுத்தே. படிக்காதது அவன் தப்பு."

"உங்க தம்பிங்க அவன்."

"தம்பிதான். இல்லேங்கல. அதுக்காக நீயே போயி என் போர்டு சரியில்லன்னு சொல்லுவியா? எந்தச் சமையல்காரியாவது பந்தியில நின்னு குழம்பு கெட்டுப்போச்சுன்னு கத்துவாளா? நாளைக்கு எவன் நம்ம வாசல மிதிப்பான்?"

"நான் சரியில்லன்னு சொல்லவே இல்லையே."

"உன் மூஞ்சி எட்டு நாளா அதத்தான் சொல்லுது."

 திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரேடியோ மேலே பார்த்துப் படுத்திருந்தான்.

"டேய், நெசமாச் சொல்லு. அந்தப் போர்டப் பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன் அண்ணி. தினமும் பாத்தேன்."

"அப்புறம் ஏன்டா?"

"அண்ணி எழுத்துன்னு பாத்தேன். என்ன எழுதியிருக்குன்னு பாக்கல." அவன் எழுந்து உட்கார்ந்தான். "மூணு வருஷம் இங்க உக்காந்து அந்த எழுத்தத் தேச்சவன் நானு. நம்ம வீட்டுச் செவுத்த யாராவது படிப்பாங்களா? கை கழுவுற இடத்துலயும் அதே போர்டு. கக்கூஸ்லயும் அதே போர்டு. வண்டியில அதே எழுத்து, ரொட்டியில அதே எழுத்து. எல்லாம் ஒரே ஜாடை. அதப் பாத்தா பயமா வரும்? பசிதான் வரும்."

"ஒரு தடவகூடப் படிக்கலயா?"

"மெஷினுக்கு மாத்தின அன்னைக்கு எட்டிப் பாத்தேன். பூரா மாவு அடைச்சுக் கெடந்துச்சு. ஒண்ணும் புரியல. சுத்தமா இருங்க, சிரிச்சுப் பேசுங்கன்னு ஏதாச்சும் போட்டிருக்கும்னு விட்டுட்டேன். சுவிட்ச அணைச்சப்புறமும் உள்ள அலகு ஒரு நிமிஷம் சுத்தும்னு எனக்கு எவனும் சொல்லல."

"இத அவங்ககிட்ட சொன்னியா?"

"எதுக்கு? சொன்னா உங்க முப்பது போர்டு போயிரும். நான் படிக்கலன்னு ஒத்துக்கறேன். தீந்துது."

"அறிவுகெட்டவனே."

"சரி, அறிவும் போச்சுன்னு எழுதிக்கட்டும். வெரலோட சேத்து."

அவள் பட்டறைக்கு வந்து, பீரோ மேலிருந்த தாள் சுருள்களை இறக்கினாள். ரொட்டி ஃபேக்டரி சுருள் தடியாக இருந்தது. இருபத்திரண்டு போர்டு, பத்து நாளில் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக விரித்து அந்தத் தாளைக் கண்டுபிடித்தாள். 'சுவிட்சை அணைத்த பின் ஒரு நிமிடம் பொறுத்துத் திறக்கவும்.' இரண்டு சாண் அகலப் போர்டில் இத்தனை வார்த்தை. அதிலும், "இன்னும் குண்டா, இன்னும் குண்டா" என்று முதலாளி சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்தப் போர்டானாலும், எழுத்தின் சுழிக்குள் தன் கட்டைவிரல் நுனி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குச் சுழி அடைத்துப்போகும், எழுத்து கட்டியாகிவிடும். அப்போது வார்த்தையைக் குறைக்க வேண்டும், அல்லது போர்டைப் பெரிசாக்க வேண்டும். செருப்புக் கடைக்காரரோடு அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். டாக்டரின் பட்டம் ஒன்றை வெட்டியே தூக்கியிருக்கிறாள்.

அந்தத் தாளின் மேல் கட்டைவிரலை வைத்தாள். வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. ஆறு மாதம் முன்னால் இதே மேஜையில் இதே விரலை வைத்துப் பார்த்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சுண்டுவிரல்கூட நுழையவில்லை. பத்தாம் நாள் அது. வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஃபேக்டரிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டாள்.

எட்டு நாளாக அவளை உட்கார விடாமல் அடித்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் போனார்கள். ஃபேக்டரி வாசலில் ஒரு ஆள் உயரத்துக்கு அவளுடைய எழுத்து நின்றது. முன்பெல்லாம் அதைத் தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். அன்று தரையைப் பார்த்து நடந்தாள்.

உள்ளே அனல். அடுப்பிலிருந்து வரும் சூடும் புளித்த மாவின் வாசனையும் மூக்கைப் பிடித்தன. காற்றிலேயே மாவு இருந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் அது மிதந்துகொண்டிருந்தது. ஆட்களின் புருவமெல்லாம் வெள்ளை. பிசையும் மெஷின் ஓரமாக, வாயைத் திறந்துகொண்டு நின்றது. ரேடியோ அதைப் பார்த்ததும் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

ஆய்வாளர் அம்மா ஐம்பது வயது இருக்கும். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நேரே போர்டுக்குப் போய் நின்று வாய்விட்டுப் படித்தார். தடங்கலே இல்லாமல் படித்தார்.

குண்டெழுத்துக்காரி நிமிர்ந்து பார்த்தாள். போர்டு பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு சுழியும் சுத்தமாக, பட்டறையிலிருந்து போன அன்று இருந்த மாதிரி.

"போர்டு தெளிவாத்தானே இருக்கு" என்றார் ஆய்வாளர். ரேடியோ பக்கம் திரும்பினார். "இதப் படிச்சியாப்பா?"

"இல்லம்மா. படிக்கல. என் தப்புதான்."

சூப்பர்வைசர் மூச்சு விட்டார். "போர்டு செஞ்சவங்களும் வந்திருக்காங்கம்மா. தங்கச்சி, சொல்லுங்க."

"நான்தாங்க செஞ்சேன்" என்றாள். "ஆறு மாசம் முன்னாடி மாட்டுனது."

புருஷன் தலையை ஆட்டினான். போதும், வா என்கிற மாதிரி. அவள் நகரவில்லை. அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கால் மாற்றி நின்றாள். பிறகு குனிந்து, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் கொட்டிக் கிடந்ததை இரண்டு கையாலும் அள்ளினாள். போர்டின் மேல் விசிறி அடித்தாள். இன்னொரு கை அள்ளி அடித்தாள்.

"ஏய்!" என்றான் புருஷன்.

"தங்கச்சி, என்ன செய்யறீங்க?"

மாவு அடங்கியது. எழுத்து மேலிருந்த மாவை முந்தானையால் ஒரு வீச்சு வீசினாள். மேலே இருந்தது போனது. சுழிகளுக்குள்ளும் எழுத்துகளுக்கு நடுவிலும் புகுந்தது போகவில்லை.

"இப்பப் படிங்கம்மா. அங்க நின்னு இல்ல. மெஷின் ஓட்டுறவன் நிக்கற எடத்துல நின்னு படிங்க."

ஆய்வாளர் அம்மா ஆறு எட்டு பின்னால் வந்து, மெஷினின் சுவிட்சுப் பக்கம் நின்றார். கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார்.

"ஏதோ பன்னு அடுக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார் கடைசியில்.

பின்னால் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

"தினமும் இப்படியா இருக்கும்? துடைக்க மாட்டீங்களா?"

"துடைப்போம்மா, ரெகுலரா..." என்று ஆரம்பித்தார் சூப்பர்வைசர்.

"நேத்துதாம்மா துடைச்சோம்" என்றாள் துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண். "பல்லு வெளக்குற பிரஷ்ஷக் குடுத்து ஓட்ட ஓட்டையா நோண்டச் சொன்னாங்க. எனக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இது பல்லா, இல்ல போர்டான்னுகூட நான் கேட்டேன்."

சூப்பர்வைசர் அவளைப் பார்த்த பார்வைக்கு, அவள் துடைப்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வாளர் அம்மா குண்டெழுத்துக்காரியிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "செய்யறப்பவே உனக்குத் தெரியுமா, இது இப்படி அடைச்சுக்கும்னு?"

தெரியாது என்று சொல்ல இடம் இருந்தது. மாவைப் பற்றி யார் நினைத்தார்கள் என்று சொல்லலாம். முதலாளி கேட்டார், கொடுத்தேன் என்று சொல்லலாம். மூன்றும் பாதி உண்மை. புருஷன் அவள் முழங்கையைத் தொட்டான். அந்தத் தொடலில் முப்பது போர்டும் இருந்தது, வாடகையும் இருந்தது.

"தெரியும்மா" என்றாள். "மாவு அடைக்கும்னு நெனைக்கல. ஆனா தூரத்துல படிக்க முடியாதுன்னு தெரியும். சுழிக்குள்ள கட்டவிரல் நுழையாத எழுத்த நான் வெளிய அனுப்ப மாட்டேன். இத அனுப்பிட்டேன். இந்த எழுத்து சின்னப் பிள்ளைகளக் கூப்பிடறதுக்குச் செஞ்ச எழுத்தும்மா. ஆளக் கிட்ட வான்னு சொல்லத்தான் அதுக்குத் தெரியும். தள்ளி நில்லுன்னு சொல்லத் தெரியாது."

ரேடியோ அழுதுகொண்டிருந்தான். விபத்து நடந்த அன்றுகூட அழாதவன். "எதுக்கண்ணி சொன்னீங்க? கூறுகெட்ட ஜென்மம்" என்று சத்தமாகத் திட்டினான். ஆய்வாளர் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு மெஷினின் மூடியைச் சாத்தித் திறந்து பார்த்து, "ஓடிக்கிட்டிருக்கறப்ப இது எப்படித் திறக்குது? பூட்டு எங்க?" என்று கேட்டார். சூப்பர்வைசர் குனிந்து மூடியின் விளிம்பைத் தடவினார்.

வெளியே வந்ததும் புருஷன் முன்னால் நடந்தான். ரோட்டு முனை வரை வந்து நின்றான். "முடிஞ்சுதா? திருப்தியா?" என்றான். அவள் கையெல்லாம் மாவு. தட்டத் தட்டப் போகவில்லை.

அடுத்த வாரம் பலூன் கடைக்காரர் மட்டும் வந்தார். புதுக் கிளைப் போர்டுகள் வேறொருவருக்குப் போயின. இரண்டு வாரம் புருஷன் அவளிடம், "சோறு போடு", "ஏணியப் பிடி" இந்த இரண்டைத்தான் பேசினான். அவள் அரம் இழுத்தாள். இழுக்க வேலை இல்லாத நாட்களில் பழைய எழுத்துகளை எடுத்துத் திரும்ப இழைத்தாள்.

இருபதாம் நாள் தபாலில் உத்தரவின் நகல் வந்தது. புருஷன் வாசலில் நின்றே படித்தான். மூடிக்குப் பூட்டு இல்லாத மெஷினை ஓட்டியது நிர்வாகத்தின் குற்றம். எச்சரிக்கைகளை நேர் எழுத்தில், சிவப்பில், பெரிதாக எழுத வேண்டும். தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. பேக்கிங்கில் வேலை தர வேண்டும். கடைசி வரிக்கு முந்தைய வரியை அவன் இரண்டு தடவை படித்தான். பிறகு உள்ளே வந்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இங்க பாரு. போர்டு செய்தவர் மேல் பொறுப்பு ஏதும் இல்லைன்னு தெளிவாப் போட்டிருக்கான். நீ சும்மா கெடந்து தவிச்சே."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். நேர் எழுத்து. மெலிசாக, நெருக்கமாக, கூர்மையாக அடித்திருந்தார்கள். ஒரு எழுத்து விடாமல் படிக்க முடிந்தது.

திங்கட்கிழமை காலை ரேடியோ வேலைக்குக் கிளம்பினான். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. சட்டைப் பொத்தானை இடது கையின் மீதி மூன்று விரலால் போட்டுப் பார்த்தான். மேல் பொத்தான் நழுவி நழுவிப் போனது. அவள் போட்டுவிட வந்தாள்.

"விடுங்கண்ணி. நானே பழகணும்ல."

"நேரமாகுதுடா."

"ஆகட்டும். ஒரு பொத்தானுக்குக் கால் மணி நேரம் முன்னாடி எந்திரிக்கணும், அவ்வளவுதானே." நாலாவது தடவையில் போட்டுவிட்டான். "பாத்தீங்களா? அதான் வேல கெடைச்சிருச்சு, தாளும் வந்திருச்சு, எல்லாம் தீந்துபோச்சு. அப்புறம் எதுக்கு இன்னும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"போடா, வண்டி போயிரும்."

அவன் பேசிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனான். எதிரே வந்த பால்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். இடது கை பேன்ட் பைக்குள் இருந்தது.

உத்தரவு போட்டவர்களைப் பொறுத்தவரை அவள் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. கொழுந்தனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். கொடுத்துத் தீர்க்கிற வழியும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் அவனுக்குத் தர வேண்டியது இருக்கிறது. இடது கை நடுவிரல் ஒன்று, மோதிர விரல் ஒன்று.